உயரம் போட்டால் கரைந்துவிடுமா?

"அதெல்லாம் குழந்தைச் சதைதாம்மா. உயரம் போட்டா கரைஞ்சிடும்." கலைமகள் நகரிலிருந்து அம்பாள் நகர் வரை ஈக்காட்டுத்தாங்கலில் எந்த வீட்டிலும் குண்டுப் பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் கிடைக்கும் பதில் இது. அன்பால் சொல்வதுதான். ஆனால் அதை நம்பிக் காத்திருப்பதில் பிள்ளையின் நாலைந்து வருடங்கள் போய்விடுகின்றன.

இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. கைக்குழந்தையின் கொழுகொழுப்பு ஒரு வயதையொட்டி உச்சத்துக்குப் போய், ஐந்தாறு வயது வரை மெல்லக் குறையும். அதன்பின் எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுபடி ஏறும். பாட்டிமார் கண்ட கரைதல் அந்தச் சின்ன வயதுக்கு உரியது. எட்டு வயதுப் பையனுக்குப் பொருந்தாது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான கணக்குப்படி, பதின்பருவத்தில் உடல் பருமன் உள்ளவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் பெரியவர்களான பின்னும் அப்படியே இருக்கிறார்கள்.

"வயசுக்கு வந்தா சரியாயிடும்" என்பார்கள். நடப்பது நேர் எதிர். பருவமடையும்போது வளர்ச்சி ஹார்மோன் பெருகுவதால் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலினின் வேலைத்திறன் குறையும். கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். தொப்பை விழுந்த பிள்ளைக்கு இதோடு இன்னொரு சுமை சேர்கிறது. வயிற்றுக் கொழுப்புக்குள் நோய் எதிர்ப்பு அணுக்கள் குடியேறி, அழற்சியைத் தூண்டும் பொருள்களை இரத்தத்தில் கலக்கின்றன. காய்ச்சலும் வலியும் இல்லாத அழற்சி என்பதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. ஈரலும் தசையும் இன்சுலினுக்கு மசியாமல் போக, கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு இந்த இன்சுலின் மிகுதி சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டும். முகத்தில் முடி, அடங்காத பரு, மாதக்கணக்கில் தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் அதன் விளைவாக வரலாம்.

பின்கழுத்துக் கருமையை அழுக்கு என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலில் கடலை மாவு போட்டு, பீர்க்கங்காய் நாரால் தேய்க்கிறார்கள். தோல் எரிந்து பிள்ளை அழுகிறதே ஒழிய கருப்பு போவதில்லை. குண்டுப் பிள்ளையின் கழுத்திலும் அக்குளிலும் தோல் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தால், பெரும்பாலும் மிகுந்த இன்சுலின்தான் காரணம். வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மல் என்று ரிப்போர்ட் வந்திருந்தாலும் மருத்துவரிடம் அந்தக் கழுத்தைக் காட்டுங்கள்.

"எங்க குடும்ப வாகே அப்படி" என்பது அடுத்தது. சென்னைப் பள்ளிகளில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய 'ஆரஞ்ச்' ஆய்வில், தனியார் பள்ளிப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் எடை கூடியவர்கள். அரசுப் பள்ளிகளில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. ஒரே ஊர்ப் பிள்ளைகளிடம் இத்தனை வித்தியாசத்தைப் பரம்பரை மட்டும் உண்டாக்க முடியாது.

ஒல்லிப் பிள்ளையைப் பெற்றவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. புனேயில் டாக்டர் யாக்னிக் குழுவினர் 2003-இல் காட்டியது இது: அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. தசையில் நம் குழந்தைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தும், முதுகுத்தோலுக்கடியில் கொழுப்பு கிட்டத்தட்ட அவர்கள் அளவுக்கு இருந்தது. ஆகவே எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, பாதியாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். நுனிகள் எட்டவில்லையென்றால் கவனிக்க வேண்டும்.

"டயட்னு வாயைக் கட்டினா வளர்ச்சி நின்னுடும்" என்ற பயமும் வேண்டாம். வளரும் பிள்ளைகளில் பலருக்கு எடையைக் குறைக்கவே தேவையில்லை; ஏறாமல் பார்த்துக்கொண்டாலே போதும். சோறு, குழம்பு, முட்டை, சுண்டல் எல்லாம் இருக்கட்டும். பள்ளி விட்டதும் வாங்கித் தரும் ஜூஸ் பாக்கெட்டை நிறுத்துங்கள். பின்பக்கம் 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை என்றிருந்தால், 150 மில்லி பாக்கெட்டில் ஐந்து டீஸ்பூன். தினம் சராசரியாக ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே தெருவின் இரு பக்கமும் வண்டிகள் நிற்கின்றன, ஓட இடமில்லை. மாநகராட்சிப் பள்ளி மைதானங்களைச் சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லி, பெற்றோர் வார்டு கவுன்சிலரிடம் இந்த மாதமே மனு கொடுக்கலாம்.