சாட்சி சொல்ல மாட்டேன்

மதத்தை விட்டு வெளியே வந்த கதைகள் தமிழில் நிறையவே உண்டு. எழுதியவர்கள் யார் என்று பாருங்கள். பூணூலை அறுத்தவர்கள், தர்மகர்த்தா வீட்டுப் பிள்ளைகள், தாத்தா வைத்த சாமிப் பெயரைத் தூக்கியெறிந்து தமிழ்ப் பெயர் சூடிக்கொண்டவர்கள். அவர்கள் கடவுளை விட்டார்கள், நல்லது. விட்ட மறுநாளும் வீடு இருந்தது, காணி இருந்தது, செத்தால் தூக்கிப்போக நாலு தெரு ஜனம் இருந்தது. போனது சாமி மட்டும்தான். அதனால்தான் அவர்களால் அதை ஒரு கருத்துமாற்றம் போல எழுத முடிகிறது. எங்க கணக்கு வேற.

நான் விட்டு வந்தது ஒரு பெந்தெகொஸ்தே சபையை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துல ஒரு காலனி. எங்க நைனா ஆண்டை வீட்டுப் படியாள். ஊர்த்தெருவில் அவருக்குப் பெயர் கிடையாது, 'டேய்'தான். எழுபதுகளின் கடைசியில் காலனியில் ஓலைக்கொட்டகை போட்டு ஜெபக்கூட்டம் நடத்தினார்கள். அன்றைக்கு ஒருவர் நைனாவின் கையைப் பிடித்துக் குலுக்கி "பிரதர்" என்று கூப்பிட்டார். அந்தக் கைகுலுக்கலைப் புரிந்துகொள்ளாமல் மதமாற்றம் பற்றிப் பேசுகிறவன் எவனாக இருந்தாலும், காவி கட்டியிருந்தாலும் சிவப்புத் துண்டு போட்டிருந்தாலும், அவன் பேச்சில் எனக்கு அக்கறை இல்லை. கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மாறினாங்க என்கிறார்கள். எங்க வீட்டுக்குப் பால்பவுடர் வந்ததே இல்லை. நைனா சாராயத்தை விட்டார். எங்கம்மா முப்பது வயசுக்கு மேல வேதாகமத்தை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிப் படிப்பு கத்துக்கிச்சு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையோடு நைனா ஊர்த்தெருவைத் தாண்டிப் போனார். ஆண்டைக்கு இயேசு எரியவில்லை, சட்டைதான் எரிந்தது.

இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

அந்தச் சட்டைக்கு ஒரு விலை இருந்தது. தாத்தாவின் மோளம் சாத்தானுடையது என்று சொல்லி எரவாணத்திலிருந்து இறக்கி அடுப்பில் வைத்தார்கள். ஆயா கும்பிட்ட முனியன் பிசாசு ஆனான். ஊர்க்காரன் எங்களைத் தீட்டு என்றான். சபை எங்க ஆயாவையும் தாத்தாவையும் அவர்கள் பாட்டையும் கூத்தையும் தீட்டு என்றது. வார்த்தைதான் வேற. அம்மா தோட்டைக் கழற்றியது, பூ வைப்பதை விட்டது. காதில் இருந்த ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்துபோனதை நான் பார்த்து வளர்ந்தேன். பொங்கல் இல்லை, சினிமா இல்லை, தெருக்கூத்து இல்லை. கட்டுப்பாடுகளில் முக்கால்வாசி பொம்பளைங்க உடம்புமேலதான் விழுந்தது என்பதை அப்போது கேட்க ஆளில்லை.

அப்புறம் ரகசிய வருகை. எந்த நொடியிலும் எக்காளம் ஊதும், இரட்சிக்கப்பட்டவர்கள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். இது ஏழு வயசுப் பிள்ளைக்குச் சொல்கிற சேதி! பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு திறந்து கிடந்து, உள்ளே யாரும் இல்லை என்றால் எனக்குக் கைகால் நடுங்கும். எல்லாரும் போயிட்டாங்க, நான் மட்டும்தான் பாவி. குழாயடியிலிருந்து அம்மா குடத்தோடு திரும்பும்வரை அந்தத் திண்ணையில் நான் பட்ட பாட்டை எந்த நரகத்தோடும் ஒப்பிட மாட்டேன். ஊர்த்தெருப் பையன்களுக்குப் புளியமரத்துப் பேய் பயம். எனக்கு எங்கம்மா பரலோகம் போயிடுச்சோ என்கிற பயம்.

நைனாவுக்குச் சர்க்கரை வந்தது. எங்க சபையில் மாத்திரை போடுவது அவிசுவாசம். அவர் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்து, ஊழியக்காரர் வீட்டுக்கு வராத நாட்களில் மட்டும் விழுங்கினார். ஊழியக்காரர் அடிக்கடி வந்தார். காலில் புண் வைத்து இரண்டு விரலை எடுத்தார்கள். அதற்கும் ஜெபக்குறைவு என்றுதான் காரணம் சொன்னார்கள். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையோடு போவதை நிறுத்தினேன். டார்வினைப் படித்து இல்லை, பெரியாரைப் படித்து இல்லை. இரண்டு விரல்.

சபையில் எனக்குப் 'பின்மாற்றக்காரன்' என்று பெயர் ஆயிற்று. உள்ளே இருந்தவன் பின்னால் போய்விட்டான் என்று அர்த்தம். முன்னால் போகிற வழி ஒன்றுதான், அது அவர்கள் கையில்.

இனி நமது தோழர்கள் பக்கம் வருகிறேன். சண்டை பாதிக்கு மேல் இவர்களோடுதான்.

சபையில் 'சாட்சி' என்று ஒன்று உண்டு. கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். முன்னே நான் இருளில் கிடந்தேன், குடித்தேன், சூதாடினேன்; அந்த நாளில் அந்த நேரத்தில் ஒளி வந்தது; இப்போது சமாதானமாக இருக்கிறேன். இந்த மூன்று படியும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது சாட்சி இல்லை. இன்னும் குழப்பமா இருக்கேன் பாஸ்டர் என்று எவனும் சொல்ல முடியாது. நான் வெளியே வந்து பகுத்தறிவு வட்டத்தில் உட்கார்ந்தபோது முதலில் என்ன கேட்டார்கள் தெரியுமா? "தோழர், உங்க அனுபவத்தைச் சொல்லுங்க." சொன்னேன். ரகசிய வருகைக்குச் சிரித்தார்கள், மாத்திரைக்குக் கோபப்பட்டார்கள், பிரதர் என்ற கைகுலுக்கல் வந்ததும் நெளிந்தார்கள். அது அவர்களுக்கு வேண்டாம். முன்னே மூடநம்பிக்கை, நடுவே ஒரு நூல், இப்போது தெளிவு. இது கேட்டால் போதும். அதே மூன்று படி. பெஞ்சும் ஒலிபெருக்கியும் மட்டும் மாறியிருந்தன.

நைனா 2011இல் இறந்தார். ஊழியக்காரர் பெட்டியோடு வந்தார்; மோளம் கூடாது, மாலை கூடாது, அழக்கூடாது, இது நித்திரை என்றார். தாய்மாமன் வேப்பமரத்தடியில் மோளத்தைச் சூடுகாட்டிக்கொண்டு நின்றார்; அடிக்கட்டுமா வேணாமா என்று என் முகத்தைப் பார்த்தார். நகரத்திலிருந்து தோழர்கள் வந்தார்கள். கறுப்புத் துணி போர்த்தினார்கள். ஒருவர் ஆன்மா இல்லை, மறுமை இல்லை, உடல் என்பது அணுக்களின் சேர்க்கை என்று முக்கால் மணி நேரம் வீரவணக்க உரை ஆற்றினார். ஒவ்வொரு வாக்கியமும் சரி. எங்கம்மா சுவர் ஓரமா தனியா உட்கார்ந்திருந்துச்சு. அதன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள ஒரு தோழருக்கும் தோன்றவில்லை. கடைசியில் உட்கார்ந்தது யார்? சபையிலிருந்து வந்த வெள்ளைச்சேலைக்காரம்மா ஒருத்தி. இராத்திரி முழுக்க இருந்து காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

இதைச் சொன்னால் "உணர்ச்சிவசப்படுறீங்க தோழர், நிறுவன மதம் அப்படித்தான் ஆள்பிடிக்கும்" என்பார்கள். பிடிக்கட்டுமே. நீங்கள் ஏன் பிடிக்கவில்லை?

மதத்தை விட்டவனுக்கு அர்த்தம் எங்கிருந்து வரும் என்று பெரிய பெரிய தத்துவப் பேச்சு நடக்கிறது. சார்த்தர் என்கிறார்கள், காம்யு என்கிறார்கள். எனக்கு வந்த கேள்வி அதைவிடச் சின்னது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என்ன செய்வது? இருபது வருஷம் அந்த நேரத்துக்குக் குளித்து, சட்டை மாற்றி, முப்பது பேரோடு உட்கார்ந்து பாடியவன் நான். வெளியே வந்த பிறகு அந்தப் பத்து மணி ஒவ்வொரு வாரமும் வந்தது. பாட்டு வாயில் வந்தது, நம்பிக்கை வரவில்லை. கல்யாணத்தை யார் நடத்துவது, பிள்ளைக்குப் பேர் வைப்பது எப்படி, செத்தால் எந்த மண்ணில் புதைப்பது? சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. காலனிச் சுடுகாட்டில் "நீங்கதான் வேதக்காரங்களாச்சே" என்கிறார்கள். நாத்திகத்துக்கு என்று தனியாகச் சுடுகாடு எங்கும் நான் பார்க்கவில்லை.

இதை நூற்றிச் சொச்சம் வருஷத்துக்கு முன்னே புரிந்துகொண்ட ஒரு மனிதர் நம்மிடம் இருந்தார். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய நம் ஜனம் வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது. 1907இல் தொடங்கிய இதழில் அவர் வாராவாரம் என்ன எழுதினார்? மதத்தை மறுத்ததோடு நிற்கவில்லை. தீபாவளி, கார்த்திகை தீபம் என்று ஒவ்வொரு பண்டிகையையும் எடுத்து இது பௌத்தருடையது, இப்படி வந்தது, இப்படிக் கொண்டாடு என்றார். அவருடைய சொல்லாராய்ச்சி சரியா தப்பா என்று பண்டிதர்கள் அடித்துக்கொள்ளட்டும், அது தனிச் சண்டை. வெளியே வருகிற ஜனத்துக்கு நாள் வேண்டும், எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஒரு காரணம் வேண்டும், செத்தவர்களை நினைக்க ஒரு பொழுது வேண்டும் என்று அந்த ஆள் கண்டுகொண்டார் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிசு.

அம்பேத்கரிடம் நான் கற்றது வேறொன்று. 1935 அக்டோபர் 13இல் இயோலாவில் தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார். நாக்பூரில் பௌத்தம் ஏற்றது 1956 அக்டோபர் 14. இடையில் இருபத்தோரு வருஷம். அந்த இருபத்தோரு வருஷமும் அவர் எங்கே இருந்தார்? விட்டாயிற்று, சேரவில்லை. சீக்கியத்தைப் பார்த்தார், மற்றதையும் பார்த்தார். சொத்தும் ஆளும் உள்ள மதத் தலைவர்கள் எல்லாம் வாசலில் வந்து நின்றார்கள். அவர் அவசரப்படவில்லை. சேர்ந்த பிறகு கிடைத்தது எட்டு வாரம்கூட இல்லை, டிசம்பர் 6இல் இறந்துவிட்டார். நாம் நாக்பூரைக் கொண்டாடுகிறோம், நீலக்கொடி ஏற்றுகிறோம். இடைப்பட்ட இருபத்தோரு வருஷத்தை யாரும் பேசுவதில்லை. அத்தனை படித்தவருக்கு அவ்வளவு காலம் ஆயிற்று என்றால், சாயங்காலக் கூட்டத்துக்கு வந்தவனைப் பார்த்து "அப்ப நீங்க இப்ப என்ன தோழர், பௌத்தமா, நாத்திகமா?" என்று கேட்பது என்ன நியாயம்? மடத்தை விட்டு வெளியேறிய பாமா 1992இல் 'கருக்கு' தந்தார். என் கல்லூரி நாட்களில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த புத்தகம் அது. வெளியே வந்த பிறகு இருக்கும் திகைப்பை அதில் அவர் மறைக்கவே இல்லை. எனக்குத் தைரியம் தந்தது அந்தத் திகைப்புதான்.

சாட்சி கேட்கிற மூன்றாவது ஆள் அரசாங்கம். இதைப் படிக்கிற மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதிகளைப் பற்றியது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதி ஆக மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். ஆண்டைமாரின் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டும். ஆகவே எங்களைப் போன்ற சபைக் குடும்பங்களில் சான்றிதழ் 'இந்து ஆதிதிராவிடர்' என்றே இருக்கும். "காகிதத்துல என்ன இருந்தா என்ன பிரதர், மனசுல யாரு இருக்கான்னுதான் கேள்வி" என்று ஊழியக்காரரே சமாதானம் சொல்வார். நான் கிறிஸ்தவனாகப் பிறந்து வளர்ந்தேன், அரசாங்கத்துக்கு இந்து. சபையை விட்டேன், அப்பவும் இந்து. நான் நுழையாத வீட்டுக்குள் எனக்குப் பட்டா! அந்த வீட்டுக் கருவறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க விடமாட்டான், பட்டா மட்டும் தருவான்.

நேர்மையாக 'கிறிஸ்தவர்' என்று எழுதிவிட்டுப் பிறகு வெளியே வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். திரும்பிவந்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை வேண்டுமானால் மூதாதையர் அந்தச் சாதி என்று நிரூபிக்க வேண்டும், தாய்மதத்துக்குத் திரும்பியதை நிரூபிக்க வேண்டும், அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதையும் நிரூபிக்க வேண்டும் என்று 2015இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கு வந்தது. சர்ச்சுக்குப் போகிறவர், திரும்பியதற்கு ஆதாரம் இல்லை, உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதம் சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று தீர்ப்பு. உண்மையான நம்பிக்கை! இந்தக் கேள்வியை எந்த அய்யரிடமாவது கேட்டார்களா? நாத்திகம் பேசுகிற பார்ப்பான் இந்துவாகவே இருந்து இந்துச் சட்டப்படி சொத்துப் பிரித்துக்கொள்கிறான், அவன் இருதயத்தைத் திறந்துகாட்டச் சொல்வாரில்லை. சேரிக்காரன் மட்டும் விசுவாசத்தை நிரூபிக்க வேண்டும். எங்க பாஸ்டர் கேட்டதும் இதைத்தான்.

2019இல் திருப்பத்தூரில் ஒரு வழக்கறிஞர் 'சாதி மதம் அற்றவர்' என்று சான்றிதழ் வாங்கினார். துணிச்சலான காரியம், மதிக்கிறேன். அதை எடுத்துவந்து "நீங்களும் வாங்குங்களேன்" என்று என்னிடம் நீட்டுகிற நண்பர்களைத்தான் சகிக்க முடியவில்லை. வாங்கினால் மதமும் போகும், என் அக்கா மகளின் படிப்பு இடமும் போகும். சேரி மட்டும் போகாது. காலனிக்குள்ளே வருகிற தபால்காரனுக்குச் சான்றிதழைக் காட்டியா விலாசம் மாற்றுவது?

மூன்றாம் பத்தியை எதிர்த்து 2004இல் போட்ட வழக்கு இருபது வருஷத்தைத் தாண்டியது. 2022 அக்டோபரில் பாலகிருஷ்ணன் ஆணையம் அமைத்தார்கள், காலக்கெடு நீட்டித்தார்கள். அதற்குப் போராடியவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள், தலித் முஸ்லிம்கள். எந்த மதமும் இல்லாமல் தலித்தாக இருக்கும் உரிமையும் அதே பத்தியில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. பகுத்தறிவு பேசும் தோழர்களே, இது உங்க பிரச்சினை இல்லையா? எத்தனை மாநாட்டில் இதற்குத் தீர்மானம் போட்டீர்கள்?

என்னைப் பற்றிக் கேட்டால், இப்போது ஞாயிறு பத்து மணிக்குக் காலனி நூலகத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடக்கிறது. முடிந்ததும் மாமன் மோளம் சொல்லித் தருகிறார். சபைக் குடும்பத்துப் பெண்கள் ரெண்டு பேர் வீட்டுக்குத் தெரியாமல் வருகிறார்கள். எங்கம்மா இன்னும் சபைக்குப் போகுது, மாத்திரையும் போடுது. இது ஒளியா இருளா என்று கேட்டு யாரும் எழுந்து நிற்கச் சொல்ல வேண்டாம். அடுத்த மாநாட்டுத் தீர்மானத்தில் மூன்றாம் பத்தியைச் சேருங்கள். கடவுள் இருக்கா இல்லையா என்பதை அதற்கப்புறம் சாவகாசமா பேசிக்கலாம்.