பழைய பியானோ: பழுது பார்க்கலாமா?

தாத்தா காலத்துப் பியானோ சில வீடுகளில் இன்னும் கிடக்கிறது. சில கட்டைகள் பேசும், சில பேசா. அதைப் பழுது பார்ப்பதா, தூக்கிப் போடுவதா?

ஆசை ஒரு பதில் சொல்லும். அதைக் கேட்காதீர்கள்! பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உள்ளே என்ன?

இத்தாலி நாட்டுக் கிறிஸ்டோபோரி, 1700ஆம் ஆண்டு வாக்கில் பியானோவைச் செய்தார். கட்டையை அழுத்தினால், ஒரு சிறு சுத்தியல் தந்தியை அடிக்கும். இன்றைய பியானோவில் 88 கட்டைகள்; ஏறக்குறைய 230 தந்திகள். எல்லாத் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு, சுமார் 18 டன்! அதைத் தாங்குவது ஓர் இரும்புச் சட்டம்.

எது ஆபத்து?

இரும்புச் சட்டம் விரிந்திருந்தால், ஆசையை விட்டுவிடுங்கள். தந்தியை முறுக்கும் ஆணிகள் மரத்தில் தளர்ந்திருந்தால், இன்று சேர்த்த சுருதி நாளை இறங்கிவிடும். அதைச் சரி செய்யப் பெரும் பணம் வேண்டும்.

நம் கடற்கரை ஊர்களில் ஈரக் காற்று தந்தியைத் துருப்பிடிக்க வைக்கும். மரத்தைக் கரையான் அரிக்கும். பல ஆண்டு சும்மா கிடந்த தந்தியை ஒரே நாளில் முறுக்கினால், அறுந்து போகலாம். சிறிது சிறிதாகத்தான் ஏற்ற வேண்டும்.

பழைய கட்டைகள் சிலவற்றின் மேல் யானைத் தந்தம் ஒட்டியிருக்கும். இந்தியாவில் தந்தம் விற்பது குற்றம். விற்கவோ வாங்கவோ நினைப்பவர்கள் முதலில் சட்டம் தெரிந்தவரைக் கேட்க வேண்டும்.

எது லாபம்?

சட்டமும் ஆணிப் பலகையும் நன்றாக இருந்தால், மற்றவற்றை மாற்றலாம். சுத்தியலின் கம்பளி தேய்ந்ததா? புதிது போடலாம். தந்தி துருப்பிடித்ததா? புதிது கட்டலாம். பிறகு பல ஆண்டுகள் பியானோ பாடும்.

ஆனால், "பழசு ஆயிற்றே, நல்ல விலைக்குப் போகும்" என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். நல்ல வயலினுக்கு வயது ஏற மதிப்பு ஏறலாம். பியானோ அப்படி அல்ல. உள்ளே ஆயிரக்கணக்கான உறுப்புகள் அசைகின்றன, அசைவது தேயும். செலவழித்த பணம் விற்கும்போது திரும்பி வருவது அரிது.

என்ன செய்யலாம்?

முதலில் கைதேர்ந்தவருக்குக் கூலி கொடுத்து, உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். செலவுக் கணக்கை எழுதி வாங்குங்கள். வெளியே மெருகு போடுவது கடைசி வேலை. உள்ளே கெட்டுப்போன பியானோவுக்கு மெருகு போடுவது, பசித்த பிள்ளைக்குப் பட்டுச் சட்டை போடுவது போல!

வீட்டில் வாசிக்க ஒரு பிள்ளை இருக்கிறதா? தாராளமாகச் செலவு செய்யுங்கள். வாசிக்க ஆள் இல்லையா? பணத்தைப் பத்திரப்படுத்துங்கள். பியானோவை வாசிப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள்!