அடித்துவிட்ட விலையை எழுதியது யார்? - அவுட்லெட் கடைகளின் '70% தள்ளுபடி' கணக்கு

ஒரு டீ-ஷர்ட். டேக்கில் ரூ.3,999 என்று அச்சடித்து, அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் ரூ.1,199. இப்போ உங்க மனசு என்ன சொல்லும்? '1,199 ரூபாய் செலவு பண்ணப்போறோம்'னு சொல்லாது. 'மச்சி, 2,800 ரூபா மிச்சம்டா'னுதான் சொல்லும்.

அவுட்லெட் ஷாப்பிங் என்ற மொத்த வியாபாரமும் அந்தச் சிவப்புக் கோட்டின் மேல்தான் நிற்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் நம்ம பசங்களுக்கு மாரத்தஹள்ளி ரிங் ரோடு ஃபேக்டரி அவுட்லெட்கள். லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனால் பிஸ்டர் வில்லேஜ். ஊர் மாறலாம், பிராண்ட் மாறலாம். அடித்துவிட்ட ஒரு பெரிய விலை, பக்கத்தில் ஒரு சின்ன விலை என்ற ஃபார்முலா மட்டும் மாறவே மாறாது.

சின்ன விலையை நாம் எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் அந்தப் பெரிய விலையை எழுதியது யார்? அந்த விலைக்கு அந்தச் சட்டை எப்போதாவது, எங்கேயாவது விற்றிருக்கிறதா? முதல் சம்பளத்தில் பாதியை 'மிச்சம் பிடித்தே' தீர்த்துவிடும் ஒரு தலைமுறைக்கு இது ரொம்ப முக்கியமான கேள்வி.

மில் வாசலில் தொடங்கிய கதை

அவுட்லெட் என்ற சொல்லுக்கு முதலில் ஒரு நேர்மையான அர்த்தம் இருந்தது. ஆலையில் தையல் பிசகிய பீஸ், சாயம் லேசாக மாறிய பீஸ், ஆர்டருக்கு மேல் மிஞ்சிய பீஸ் ஆகியவற்றை ஆலை வாசலிலேயே மலிவாக விற்பார்கள். ஆரம்பத்தில் வாங்கியவர்கள் அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள். பிறகு ஊர்க்காரர்களும் வந்தார்கள்.

1970-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ரீடிங் நகரை ஒட்டி, இது பெரிய வியாபாரமானது. ஒரு காலத்தில் காலுறை பின்னிய பிரமாண்டமான ஆலைக் கட்டடங்கள் அவுட்லெட் கடைகளாக மாறின. வெளியூர்களிலிருந்து பஸ் பிடித்து ஆட்கள் வந்தார்கள். பின்னலாடை ஊர், மிஞ்சிய சரக்கு, மலிவு விலை... படிக்கும்போதே நம்ம திருப்பூர் ஞாபகம் வருகிறதா? அந்த இடத்துக்குக் கொஞ்ச நேரத்தில் வருவோம்.

அந்த ஐடியா அதன்பின் உலகம் முழுக்கப் பரவியது. 1995-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பிஸ்டர் வில்லேஜ் திறக்கப்பட்டது. பேருக்கு ஏற்றபடி ஒரு கிராமத் தெரு மாதிரியே கட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வீடுகள் போல கடைகள். குச்சி, பிராடா, பர்பெரி என ஒவ்வொரு 'வீட்டுக்குள்ளும்' ஒரு லக்ஸுரி பிராண்ட். லண்டன் மேரிலபோன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2015-ல் ரயில் நிலையத்துக்கே 'பிஸ்டர் வில்லேஜ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சீன, அரபி மொழிகளில் அறிவிப்பு ஒலிக்கும் அளவுக்கு வெளிநாட்டுக் கூட்டம்!

நகரத்தை விட்டு இப்படித் தள்ளிக் கட்டுவதில் ஒரு வியாபார லாஜிக் இருக்கிறது. நகரத்தின் நடுவே முழு விலைக்கு விற்கும் சொந்தக் கடையின் வியாபாரம் கெடக் கூடாது என்பது பிராண்டின் கவலை. அது நமக்கும் வேலை செய்கிறது. ரயில் டிக்கெட் எடுத்து, ஒரு நாள் லீவு போட்டு அவ்வளவு தூரம் போனவர்கள் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். 'இவ்ளோ தூரம் வந்துட்டு சும்மாவா போறது?' என்ற ஒரு வரி போதும், பை நிறைந்துவிடும்.

பிஸ்டர் போகத் திட்டமிடுபவர்களுக்கு ஒரு தகவல்: முன்பு சுற்றுலாப் பயணிகள் கடையில் கட்டிய வாட் வரியை ஏர்போர்ட்டில் திரும்பப் பெற முடிந்தது. 2020 டிசம்பரோடு பிரிட்டன் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. '20% வரி திரும்பி வந்துடும்' என்று யாராவது சொன்னால், அது பழைய கணக்கு.

அவுட்லெட்டுக்காகவே தைக்கப்படும் சட்டை

சரி, இவ்வளவு பெரிய அவுட்லெட் உலகத்தை வெறும் மிச்ச சரக்கை வைத்தே நிரப்ப முடியுமா? முடியாது. பிரச்னை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எந்த பிராண்டும் தன் சரக்கில் பெரும்பகுதி மிஞ்ச வேண்டும் என்று நினைத்துத் தைக்காது. ஆனால் அவுட்லெட் அலமாரிகள் வருஷம் முழுக்க, எல்லா சைஸிலும், எல்லா நிறத்திலும் நிரம்பியிருக்க வேண்டும். அதனால், அவுட்லெட்டில் விற்பதற்கென்றே தனியாகத் தைக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் கேப் நிறுவனம் 'கேப் ஃபேக்டரி' என்று தனி வரிசையே நடத்துகிறது. லோகோ அதேதான். ஆனால் டிசைன் வேறு, துணி வேறு, செலவு வேறு. மெயின் ஷோரூமின் ஷெல்ஃபில் ஒரு நாள்கூட இருந்திராத சட்டைகள் அவை.

இதில் சட்டப்படி தப்பு எதுவும் இல்லை. குறைந்த செலவில் தைத்து, குறைந்த விலைக்கு விற்பது நியாயமான வியாபாரம். ஆனால், ஷோரூமுக்கே போகாத ஒரு சட்டையின் டேக்கில் 'பழைய விலை' என்று ஒன்றை எழுதி அடித்தால், அந்தப் பழைய விலை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நாடாளுமன்றம் வரை போனது. 2014 ஜனவரியில் மூன்று செனட்டர்களும் ஒரு பிரதிநிதிகள் சபை உறுப்பினரும் சேர்ந்து, அவுட்லெட் கடைகள் வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்துகின்றனவா என்று விசாரிக்கச் சொல்லி வர்த்தக ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்கள். மைக்கேல் கோர்ஸ் நிறுவனத்தின் மீது வாடிக்கையாளர்கள் வழக்கும் போட்டார்கள். அவுட்லெட்டில் மட்டுமே விற்கும் பொருளில், உற்பத்தியாளர் பரிந்துரைத்த விலை என்று ஒன்றை எழுதி அடித்திருக்கிறார்கள் என்பது புகார். தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2015-ல் 48.75 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. டேக்கில் இருந்த அந்தப் பரிந்துரை விலை என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, 'மதிப்பு' என்ற பொருள்படும் வார்த்தையைப் போடவும் சம்மதித்தது.

கவனியுங்கள். அந்த எண்ணை எடுக்கச் சொல்லவில்லை. அதற்கு வைத்திருந்த பெயர்தான் மாறியது.

ஐரோப்பாவின் 30 நாள் கணக்கு

ஐரோப்பிய யூனியன் இன்னும் ஒரு படி மேலே போனது. 2022 மே 28 முதல் அங்கே ஒரு விதி: தள்ளுபடி என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாள்களில் அந்தப் பொருள் விற்ற மிகக் குறைந்த விலையையும் சொல்ல வேண்டும். அதைச் சின்ன எழுத்தில் ஓரமாகப் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. ஆல்டி சூட் என்ற ஜெர்மன் சூப்பர் மார்க்கெட்டின் வாழைப்பழம், அன்னாசி விளம்பரம் தொடர்பான வழக்கில், தள்ளுபடி சதவிகிதத்தையே அந்த 30 நாள் குறைந்த விலையிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. திங்கள்கிழமை விலையை ஏற்றி, வெள்ளிக்கிழமை 'சேல்' போடும் வித்தைக்கு அங்கே செக்.

அவுட்லெட்டின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரே ஆண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்ததாக 2018-ல் பர்பெரி பற்றிய செய்தி வெளியாகி, பெரிய சர்ச்சையானது. பிராண்ட் மதிப்பு குறையக் கூடாது என்று நல்ல துணியைக் கொளுத்துவது லக்ஸுரி உலகில் இருந்த வழக்கம். கண்டனம் கிளம்பியதும் பர்பெரி அதை நிறுத்துவதாக அறிவித்தது. பெரிய நிறுவனங்கள் விற்காத உடைகளை அழிப்பதற்கு 2026 ஜூலை 19 முதல் தடை என்று ஐரோப்பிய யூனியனும் சட்டம் போட்டிருக்கிறது. மிஞ்சியதைக் கொளுத்துவதைவிட மலிவாக விற்பது ஆயிரம் மடங்கு மேல். நிஜமான மிச்ச சரக்கை விற்கும் அவுட்லெட் ஊருக்கு நல்லதுதான்.

எம்.ஆர்.பி என்பது மதிப்பு அல்ல

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இங்கே அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருப்பது எம்.ஆர்.பி. அதாவது, அதிகபட்ச சில்லறை விலை. சட்டப்படி அச்சிட வேண்டிய விலை என்பதால், 'அரசாங்கமே ஒத்துக்கிட்ட விலை' என்ற ஃபீல் நமக்கு வந்துவிடுகிறது.

ஆனால், சட்டம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இதற்கு மேல் விற்கக் கூடாது. அந்த விலைக்கு அது என்றைக்காவது விற்றிருக்க வேண்டும் என்று எம்.ஆர்.பி விதி கேட்பதில்லை. சட்டைக்கு எம்.ஆர்.பி எவ்வளவு என்று முடிவு செய்வது தயாரித்தவர் அல்லது பிராண்ட். 999 ரூபாய்க்கு விற்க நினைக்கும் சட்டைக்கு 2,999 என்று அச்சடித்தாலும் அவர் விதியை மீறவில்லை. '67% தள்ளுபடி' போர்டும் ரெடி. உச்சவரம்பாக வந்த எண், நம் கண்ணுக்கு மதிப்பாகத் தெரிகிறது. ஐரோப்பாவைப் போல 30 நாள் விதி இங்கே கிடையாது.

வரியிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு உடையின் விற்பனை விலை ரூ.2,500 வரை என்றால் ஜி.எஸ்.டி 5%. அதைத் தாண்டினால் 18%. வரிக்கு முந்தைய விலை 2,500 என்றால் நீங்கள் கொடுப்பது 2,625. அதுவே 2,600 என்றால் 3,068! 100 ரூபாய் வித்தியாசம், பில்லில் 443 ரூபாயாக வளர்கிறது.

எம்.ஆர்.பி என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதில் '50% தள்ளுபடி' என்று போர்டு வைத்துவிட்டு, பில்லில் வரியைத் தனியாகச் சேர்ப்பது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-லேயே சொல்லியிருக்கிறது. அப்படி நடந்தால் கவுன்டரிலேயே கேளுங்கள். சரிவரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

காதர்பேட்டை சொல்லும் பாடம்

மலிவு என்றால் உண்மையில் எப்படி இருக்கும் என்று பார்க்க, பிஸ்டர் வரை போக வேண்டாம். திருப்பூர் காதர்பேட்டை போதும்.

வெளிநாட்டு ஆர்டர் எடுக்கும் கம்பெனிகள், செக்கிங்கில் ரிஜெக்ட் ஆகும் பீஸ்களைக் கணக்கில் வைத்து, கேட்ட எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தைப்பது வழக்கம். அதில் மிஞ்சுவது, கேன்சல் ஆன ஆர்டர், சின்னக் குறையுள்ள 'செகண்ட்ஸ்' எல்லாம் கலந்து இங்கே வரும். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50% வரி போட்டபோது, திருப்பூரின் பயமே தைத்த சரக்கு தேங்கிவிடுமோ என்பதுதான். நமக்கு 'சர்ப்ளஸ்', அங்கே ஒரு தையல் தொழிலாளிக்கு ஷிஃப்ட் இல்லாத வாரம்.

காதர்பேட்டையில் எம்.ஆர்.பி டேக்கை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. துணியைக் கையில் பிடித்து, 'என்ன ஜி.எஸ்.எம்?' என்று கேட்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு அது. தையலைத் திருப்பிப் பார்ப்பார்கள். கழுத்து ரிப்பை இழுத்துப் பார்ப்பார்கள். லேபிள் வெட்டியிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்று சொல்லப்படுவதெல்லாம் சர்ப்ளஸ் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஏமாற வாய்ப்பு அங்கேயும் உண்டு. ஆனால் பேச்சு முழுக்கத் துணியைப் பற்றித்தான், அடித்துவிட்ட எண்ணைப் பற்றி அல்ல.

பில் போடும் முன்...

* அடித்திருக்கும் விலையைக் கட்டைவிரலால் மறையுங்கள். டேக்கில் வெறும் 1,199 மட்டும் இருந்திருந்தால் இதை எடுத்திருப்பீர்களா?

* அதே மாடல் நம்பரை போனில் தேடுங்கள். பிராண்டின் சொந்த சைட்டில் அது எப்போதும் இருந்ததே இல்லை என்றால், அவுட்லெட்டுக்காகவே தைத்ததாக இருக்கலாம். வாங்கலாம், ஆனால் பழைய விலையோடு ஒப்பிடாமல் வாங்குங்கள்.

* எல்லா சைஸும் அடுக்கி வைத்திருந்தால் அது மிச்ச சரக்காக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரே ஒரு எஸ், இரண்டு எக்ஸ்.எல் என்று சிதறிக் கிடந்தால், அதுதான் நிஜமாக மிஞ்சியது.

* விலையை, எத்தனை முறை போடுவீர்கள் என்பதால் வகுத்துப் பாருங்கள். 2,400 ரூபாய் பார்ட்டி சட்டையை நான்கு முறை போட்டால் ஒரு தடவைக்கு 600 ரூபாய். 900 ரூபாய் காட்டன் சட்டையை 60 முறை போட்டால் 15 ரூபாய்.

* எக்ஸ்சேஞ்ச், ரிட்டர்ன் உண்டா என்று பில்லுக்கு முன்பே கேளுங்கள். 'டிஸ்கவுன்ட் ஐட்டம், திரும்ப எடுக்க மாட்டோம்' என்ற வரி பெரும்பாலும் பில்லின் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

அவுட்லெட்டுக்குப் போகாதீங்கன்னு இங்கே யாரும் சொல்லவில்லை. ஆசைப்பட்ட பிராண்டை முதல்முறை போடும் சந்தோஷத்துக்கு விலை கிடையாது. ஆனால், ஷாப்பிங் முடித்து வீட்டுக்கு வந்ததும் வங்கி மெசேஜை ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் எவ்வளவு மிச்சம் பிடித்தீர்கள் என்று இருக்காது. எவ்வளவு போனது என்பது மட்டும்தான் இருக்கும்.