கூலி

சுவிசுக்கு வந்த புதிதில், ஒரு சனிக்கிழமை இரவு, குசினியில் ஓடர்கள் குவிந்துகொண்டிருந்த நேரத்தில் செஃப் எங்களைப் பார்த்துக் கேட்டான்: “உன்னிடம் கூலி இருக்கிறதா?” கோப்பை கழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. கூலி தரவேண்டியவன் அவன். அவன் எங்களிடம் கேட்கிறானே! பிறகுதான் விளங்கியது, அவன் கேட்டது பேனையை. ‘கூகெல்ஷ்றைபர்’ என்ற நீண்ட சொல்லை நறுக்கி, குமிழ்முனைப் பேனையை இவர்கள் ‘கூலி’ ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையை எங்களில் பலரும் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரித்து முடிந்த பின்னும் அந்தச் சொல் எங்களை விடவில்லை. ஏனென்றால் ஜெர்மன் மொழியில் இன்னொரு ‘கூலி’யும் உண்டு. அது பேனையல்ல, ஆள். ஆசிய நாட்டுச் சுமைகாரன். ரயில் நிலையங்களில் பெட்டிகளை ஏற்றித் தள்ளும் வண்டிக்குக்கூட ‘கொஃபர்கூலி’ என்றொரு பெயர் இருக்கிறது. மனிதனின் முதுகில் இருந்த சுமை சில்லுக்கு மாறிவிட்டது. அவனுடைய பெயரும் சேர்ந்து வண்டிக்குப் போய்விட்டது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அகராதிக்காரர்கள் ஒன்றுபடவில்லை. குஜராத்தின் கோலி இனத்தவரின் பெயர் என்பர் சிலர். தமிழின் ‘கூலி’யே என்பர் வேறு சிலர். துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் ‘குல்’ என்ற சொல்லையும் இழுத்து வருவார்கள். 1886இல் வெளிவந்த ‘ஹொப்சன் ஜொப்சன்’ அகராதியே இந்த வழக்கைத் தீர்க்காமல் விட்டது. சீனர்களோ ஒலிக்குப் பொருத்தமாக இரண்டு எழுத்துக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றுக்குக் கசப்பு என்று பொருள், மற்றதற்குப் பலம். கசப்பான பலம்! சிங்களத்தில் ‘குலிய’ என்றால் வாடகை. வீட்டையும் வாகனத்தையும் ‘குலியட்ட’ கொடுப்பார்கள்.

தமிழில் கூலி என்பது ஆள் அல்ல, ஆளுக்குச் சேரவேண்டியது. ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆவது குறளில், வள்ளுவர் இச்சொல்லை உடல் வருந்திய உழைப்புக்குக் கிடைக்கும் பலன் என்ற பொருளிலேயே வைத்திருக்கிறார். தெய்வம் கைவிட்டாலும் அது கிடைக்கும் என்கிறார். அந்தச் சொல் கப்பலேறியபோது என்ன நடந்தது? கொடுக்கவேண்டிய காசின் பெயர், காசு கொடுக்கப்படாத மனிதனின் பெயராயிற்று. 1834இல் தொடங்கி ஒப்பந்தத்தில் மொரீசியசுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் கரையிறங்கிய இடம் ‘கூலித்துறை’ என்றே அழைக்கப்பட்டது. தென்னாபிரிக்காவில் சட்டம் படித்த காந்தியும் ‘கூலி பாரிஸ்டர்’தான்.

சுவிசுக்கு இதில் பங்கில்லை என்று யாராவது நினைத்தால் சூரிச்சின் றீஸ்பாக் பகுதிக்குப் போய் ‘வில்லா பட்டும்பா’வைப் பார்க்கட்டும். 1883க்கும் 1885க்கும் இடையில் அதைக் கட்டுவித்தவர் கார்ல் ஃபூர்ஷ்ற்றெகொற் குறோப். பணம் சுமாத்திராப் புகையிலைத் தோட்டங்களிலிருந்து வந்தது. அந்தக் கிழக்குக் கரைத் தோட்டங்களில் முதுகு முறிந்தவர்கள் சீனர்கள், ஜாவாக்காரர்கள். எங்கள் தமிழர்களும் அங்கே இருந்தார்கள். ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போவதைக் குற்றமாக்கி 1880இல் ஒல்லாந்தர் கொண்டுவந்த சட்டத்துக்குப் பெயரே கூலிச் சட்டம்.

சரி, வெள்ளைக்காரனைத் திட்டுவது சுலபம். நாங்கள் என்ன செய்தோம்?

யாழ்ப்பாணத்தில் குடிமைத் தொழில் செய்தவர்களுக்குக் கூலி என்ற ஒன்றே இருக்கவில்லை. நெல் அள்ளிப் போட்டோம், பழஞ்சோறு ஊற்றினோம். 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னும் இதுதான் நிலை. ‘கூலிக்கு மாரடிக்கிறது’ என்று இன்றைக்கும் கேலியாகச் சொல்கிறோம். செத்த வீட்டில் அழுவதற்கு ஆள் பிடித்தவனுக்கு அதில் வெட்கமில்லை, அழுதவளுக்குத்தான் வெட்கம்!

கோப்பிக்கும் தேயிலைக்கும் மலையேறிய மக்களை ‘தோட்டக்காட்டான்’ என்றோம். 1948இலும் 1949இலும் அவர்களுடைய குடியுரிமையும் வாக்குரிமையும் பறிபோயின. 1949இல் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சர் நாற்காலியில் இருந்தார். செல்வநாயகம் போன்றோர் எதிர்த்துப் பிரிந்து போனார்கள் என்பது உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்து வீடுகளில் உலை வழமைபோலவே கொதித்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 பேர் உனக்கு, 300,000 பேர் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. கடவுச்சீட்டு இல்லாமல் இருப்பது எப்படியென்று ‘என்’ விசாவோடும் ‘எஃப்’ விசாவோடும் இருந்து பார்த்த எங்களுக்கு இப்போதாவது விளங்கவேண்டாமா?

விளங்கவில்லை. இதோ சாட்சி. எங்களில் சிலர் ஒரு தமிழ் முதலாளியிடம் வேலை செய்தோம். கடதாசியில் ஐம்பது வீத வேலை. குசினியில் நாளுக்குப் பதினொரு மணித்தியாலம். மிச்சக் காசைக் கேட்டபோது அவர் கண் கலங்கிச் சொன்னார்: “நான் என்ன உங்களைக் கூலிக்கோ பிடிச்சு வைச்சிருக்கிறன்? என்ர தம்பிமார் மாதிரியெல்லோ பாக்கிறன்!” இந்த நாட்டில் உணவகத் தொழிலுக்குக் கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம், ஐந்து கிழமை விடுமுறை, பதின்மூன்றாம் மாதச் சம்பளம் எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. தம்பிமாருக்கு அதெல்லாம் எதற்கு?

ஊனியா தொழிற்சங்கத்துக்குப் போவோம் என்று ஒரு பிறந்தநாள் விழாவில் பேச்செடுத்தோம். ஊரில் வாத்தியாராக இருந்த பெரியவர் ஒருவர் எழும்பினார். “நாங்கள் என்ன தோட்டக்காட்டுக் கூலியளோ, சங்கத்துக்குப் போய்க் கையேந்த?” கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் பாதிப்பேர் அன்றிரவே ஏதோவொரு ஹோட்டலில் நிலம் துடைக்கப் போனவர்கள்.

அந்தப் பெரியவர் அறியாத ஒன்றை இங்கே சொல்லவேண்டும். அவர் இழிவாகச் சொன்ன அந்த மக்கள் 1940இலேயே முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள். அங்கே கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் செத்தான். அவர்கள் கையேந்தவில்லை, கணக்குக் கேட்டார்கள். கையேந்துவது நாங்கள்தான். மாதமுடிவில் முதலாளியின் மனநிலை பார்த்து, நல்ல நேரம் பார்த்து, “அண்ணை, ஏதாவது பாத்துச் செய்யுங்கோ” என்று நிற்கிறோமே, அதற்குப் பெயர் என்ன?

பல்கலைக்கழகப் படிப்பை அரைவாசியில் விட்டுவிட்டு வந்தவர்கள் எங்களிலும் இருக்கிறோம். ஊருக்கு அனுப்பும் படத்தில் ஏப்ரனைக் கழற்றிவிட்டுத்தான் நிற்கிறோம். அந்தச் சொல் எங்கள்மேல் ஒட்டிவிடும் என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. அந்தப் பயத்தில்தான் முதலாளியின் பணப்பெட்டி நிறைகிறது என்பதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு மூன்று வருடச் சம்பளம் செலவாயிற்று. கூலி என்ற சொல்லை எங்களுக்காக மறுத்துப் பேசுகிறவர் கூலியையும் சேர்த்தே மறுக்கிறார்.

ஆம், நாங்கள் கூலிகள். மலையகத்து மக்களைப் போல, சுமாத்திராவுக்குப் போனவர்களைப் போல. இந்த மாதம் வேலை செய்த மணித்தியாலங்களை நாளுக்கு நாள் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். எழுதியது இவர்கள் கூலி என்று சொல்லும் அந்தப் பேனையால்தான். திங்கட்கிழமை அதைக் கொண்டு சங்கத்துக்குப் போகிறோம். அந்தப் பிறந்தநாள் விழாவில் கைதட்டிய நண்பர்களே, நீங்கள் வருகிறீர்களா?