கல்லில் வெட்டிய செருப்பு



ஏற்காட்டில் வங்கி நகைக்கடன் மேசை என்னுடையது. காப்பித் தோட்டத்துப் பெண்கள் கழற்றித் தரும் கம்மலைத் தட்டார் உரைகல்லில் உரசி மாற்றுச் சொன்னால்தான் என் பேனா நகரும். இந்த மரியாதை தட்டாருக்குச் சும்மா வரவில்லை.

கரூர்க் கோயில் கல்வெட்டில் கோனேரின்மைகொண்டான், தட்டாரும் அடங்கிய வெங்கால நாட்டுக் கம்மாளருக்கு உரிமை தருகிறான்: நன்மை தீமைக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போனால் செருப்புப் போடலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம். அப்ப அதுவரை? பொன் செய்த கைக்காரன் காலும் வெறுங்கால்தான்!

அவங்க வாங்கினாங்க, சந்தோஷம். ஆனால் செருப்புத் தைத்தவனுக்கு அந்தக் கல்லில் ஒரு வரி இல்லை.

இத்தாலியின் ஃப்ளோரன்ஸிலும் பட்டுச் சங்கத்தில் சேர்ந்த பொற்கொல்லன் அன்று நகரப் பதவிக்கு வர முடிந்தது. சங்கமே இல்லாத கம்பளித் தொழிலாளர் 1378இல் கலகம் செய்துதான் சங்கம் பெற்றார்கள். அதே ஆண்டு அதையும் பறித்தார்கள்.

இங்கே கம்மாளர் இடங்கை, பறையர் வலங்கை என்று பிரித்து மோதவிட்டார்கள். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான்.

ஒரு சாதிக்கு மட்டும் விலக்குக் கேட்கிற மனு நமக்கு வேணாம். ஊர்த்தெருவில் எல்லாக் காலும் செருப்போடு நடக்கணும். விடுபட்ட வரியை நாமதான் வெட்டணும்.