பட்ஜெட் பெருக்குது, கிராமத்துப் பங்கு சுருங்குது!



"செலவை எங்கே குறைச்சோம்? வருஷா வருஷம் பட்ஜெட் தொகை ஏறிக்கிட்டுத்தானே இருக்கு?" சிக்கனம் என்ற பேச்சை எடுத்தாலே மத்திய அரசின் தரப்பில் இப்படித்தான் பதில் வருகிறது.

மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் அது பொய்யில்லை. கொரோனாவுக்கு முந்தைய 2019-20ல் மத்திய அரசின் செலவு சுமார் 27 லட்சம் கோடி ரூபாய். 2025-26 பட்ஜெட்டில் போட்டது 50 லட்சம் கோடிக்கும் மேல். நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டாலும், கொரோனா வருஷத்தில் ஏறிய செலவு பிறகு இறங்கியதே தவிர, பழைய அளவுக்குக் கீழே போய்விடவில்லை. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் வருமானம் கூடுது, மொத்தச் செலவும் கூடுது. வாசலுக்குப் புதுசா கிரில் கேட் போடுறாங்க. ஆனா உழவு மாட்டுக்கு வைக்கிற தீவனத்தை மட்டும் குறைக்கிறாங்க. அந்த வீட்டுக்காரர் சிக்கனமா இருக்கார்னு ஊர் சொல்லாது. ஆனா மாட்டுக்கு அது பட்டினிதான்! நாம் கேட்பது இதுதான்: யாருக்குத் தாராளம், யாருக்குச் சிக்கனம்?

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்வோம். 2019-20ல் மத்திய அரசு செலவழித்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இந்த வேலைக்குப் போனது சுமார் 2 ரூபாய் 67 காசு. ஊரடங்கில் பட்டணத்திலிருந்து ஜனங்கள் நடந்தே ஊர் திரும்பிய 2020-21ல் அது 3 ரூபாய்க்கு மேல் ஏறியது. 1 லட்சத்து 11 ஆயிரம் கோடி செலவானது. 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியதோ 86,000 கோடி. அதாவது நூற்றுக்கு 1 ரூபாய் 70 காசு! கொரோனாவுக்கு முந்தைய பங்குகூட இல்லை.

இடையில் 2023-24 பட்ஜெட்டில் 60,000 கோடிக்கே இறக்கிப் பார்த்தார்கள். வேலை கேட்டு வந்த கூட்டம் குறையவில்லை. அந்த வருஷமே 86,000 கோடிக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. அடுத்த இரண்டு பட்ஜெட்டிலும் அதே 86,000 கோடிதான். "குறைக்கலையே, அப்படியேதானே வச்சிருக்கோம்" என்பார்கள். தமிழ்நாட்டில் தினக்கூலி 319 ரூபாய் 2025-26ல் 336 ஆனது. ஒதுக்கீடு மட்டும் ஏறவில்லை. 19 நாள் கூலிக்கு இருந்த பணம் 2025-26ல் 18 நாளுக்குத்தான் வந்தது. வெட்டாமலே வெட்டுவது என்றால் இதுதான். நூறு நாள் என்று பெயர், நாடு முழுக்கச் சராசரியாகக் கிடைத்தது ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 50 நாள். செய்த வேலைக்கே கூலி வராமல், நிலுவையைக் கேட்டு 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

உதவித்தொகை மட்டும் வேறு மாதிரியா? பி.எம். கிசான் பணம் 2019ல் வருஷத்துக்கு 6,000 ரூபாய். 2025லும் அதே 6,000 ரூபாய்தான். உழவுக்கூலி, டீசல், மருந்து எல்லாம் அப்படியேவா நின்றது?

பொட்டாஷ் கதையையும் கேளுங்கள். 2020ல் ஆயிரத்துக்குள் கிடைத்த மூட்டை 2022ல் 1,700 ரூபாய் ஆனது. உலகச் சந்தையில் விலை இறங்கியது என்று சொல்லி, கிலோவுக்கு 25 ரூபாய் 31 காசாக இருந்த மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து 2023 அக்டோபரில் 2 ரூபாய் 38 காசாக்கினார்கள். உலக விலை இறங்கியது உண்மைதான். மூட்டைக்குக் கணக்குப் போட்டால் அரசுக்கு மிச்சம் சுமார் 690 ரூபாய். நமக்கு இறங்கியதோ வெறும் 45 ரூபாய், 1,655ன்னு அறிவிச்சாங்க. விலை இறக்கத்தின் லாபம் எங்கே போச்சுன்னு கேட்டா நம்மைக் குறை சொல்ல முடியுமா?

"பொருளாதாரம் நிமிர்ந்துவிட்டது, இனி கைத்தாங்கல் எதற்கு?" என்கிறார்கள். யார் நிமிர்ந்தது? அரசின் சொந்தக் கணக்கெடுப்பே சொல்கிறது: உழைப்பவர்களில் விவசாயத்தை நம்பியவர்கள் 2018-19ல் நூற்றுக்கு 42.5 பேர். 2020-21ல் 46.5 பேர். 2023-24லும் 46 பேர்! பட்டணத்தில் வேலை போய் நிலத்துக்குத் திரும்பியவர்கள், நாடு "மீண்ட" பிறகும் நிலத்தைவிட்டுப் போகவில்லை. அதே ஒரு ஏக்கர், அரை ஏக்கரில் இன்னும் நாலு வயிறு. எழுந்து நிற்கும் முன்பே ஊன்றுகோலைப் பிடுங்கினால் அதற்குப் பேர் சிக்கனமா?

பணம் இல்லையா? இருக்கிறது. ரோடு, ரயில் போன்ற கட்டுமானச் செலவு 2019-20ல் 3 லட்சத்து 36 ஆயிரம் கோடி. 2025-26 பட்ஜெட்டில் 11 லட்சத்து 21 ஆயிரம் கோடி. ரோடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆக்கியபோது, வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி போகும் என்று நிதியமைச்சரே அறிவித்தார். அன்றைக்குச் சிக்கனம் ஞாபகம் வரவில்லையே!

2025 டிசம்பரில் பழைய சட்டத்தையே எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 125 நாள் என்கிறது சட்டம். ஆனால் முன்பு கூலி முழுவதையும் மத்திய அரசு கொடுத்தது. இனி நம் போன்ற மாநிலங்கள் நூற்றுக்கு 40 ரூபாய் போட வேண்டும். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வேலையை நிறுத்தவும் அதில் இடம் உண்டு.

"நல்லதுதானே, நடவுக்கு ஆள் கிடைக்குமே" என்று நம்மிலேயே சிலர் சொல்வது காதில் விழுகிறது. அந்தக் கஷ்டம் நமக்கும் தெரியும். ஆனால் நூறு நாள் வேலைக்குப் போவது யார்? தண்ணீர் இல்லாத மாசத்தில் நம்ம வீட்டுப் பெண்களும்தானே போறாங்க! கூலிக்காரரும் சிறு விவசாயியும் மோதிக்கொண்டால் லாபம் நமக்கில்லை. விளைபொருளுக்குக் கட்டுபடியான விலை கிடைத்தால், கட்டுபடியான கூலியை நாமே கொடுப்போம்.

ஆகவே நாம் கேட்பது:

1. வேலை கேட்ட அனைவருக்கும் வேலை கிடைக்கும் அளவுக்கு நிதி ஒதுக்கு! கூலி முழுவதையும் மத்திய அரசே கொடு!

2. செய்த வேலைக்கு 15 நாளுக்குள் கூலி கொடு!

3. பி.எம். கிசான் தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்து!

4. உர விலை இறக்கத்தின் பலனை விவசாயிக்கே கொடு!

அடுத்த கிராமசபைக்கு ஒருவர்கூட வீட்டில் இருக்க வேண்டாம். இந்த நாலையும் தீர்மானமாகக் கொண்டுவருவோம். பட்ஜெட் எத்தனை லட்சம் கோடி என்று இனி நாம் கேட்க வேண்டாம். நூறு ரூபாயில் நம்ம ஊருக்கு எத்தனை காசு என்று கேட்போம்!

ஒன்றுபடுவோம்! கணக்குக் கேட்போம்! போராடுவோம்!