கப்பல் திரும்பிய பிறகா மனு எழுதுவது?

ஆம்பூர், வாணியம்பாடி தோல் வியாபாரப் பெருமக்களே! 1989-ல் ஜெர்மனி, பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லி ஒரு கிலோவில் 5 மில்லிகிராமைத் தாண்டிய தோலுக்குக் கதவைச் சாத்தியது. அடுத்து, புற்றுநோய் அபாயமுள்ள அசோ சாயங்களுக்குத் தடை. 2015 மே முதல் ஐரோப்பாவில், உடலில் படும் தோல் பொருளில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே விற்க முடியாது.

'சுற்றுச்சூழல் பெயரில் தடுப்புச் சுவர்' என்று குமுறுகிறீர்கள். ஓரளவு உண்மைதான்! பரிசோதனைக் கட்டணம் பெரிய கம்பெனிக்குத் தூசு. சிறு வியாபாரிக்கோ அது லாபத்தையே விழுங்கும். ஆனால் நம் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை எந்த வெள்ளைக்காரன் சொன்னான்? 1996-ல் ஆலைக்கு ரூ.10,000 அபராதம் விதித்தது நம் உச்ச நீதிமன்றம் அல்லவா?

1995-ல் அமலுக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி, தேவைக்கு மீறி வியாபாரத்தை முடக்கும் விதி கூடாது. புதிய விதியை முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும். ஆட்சேபிக்க வழக்கமாக 60 நாள் அவகாசம். அந்த 60 நாளில் நம் சங்கங்கள் எங்கே போகின்றன? வேதியியல் படித்துவிட்டு வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கும் இளைஞனே! அந்த அறிவிப்புகளை வாராவாரம் படித்து, உன் ஊர் வியாபாரிகளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல உன்னைவிட்டால் யார்?